பதினான்கு பேருடைய பதில்கள்

எடிசன், நியூ ஜெர்சி
6.6.2004

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எலியாஸ் எழுதுவது.

கர்த்தர் கிருபையால் நானும் ஜெனிஃபாவும் பையன் ஷாஜினும் சுகமாக இருக்கிறோம். மாமாவுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறதா? போன் செய்தால் "சாயங்காலம் பேசு" என்கிறீர்கள். சாயங்காலம் செய்தால் நீங்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போய்விட்டதாக மாமா சொல்கிறார். அதனால்தான் கடிதம்.

இங்கே என்னுடன் வேலை செய்யும் எட்டுப் பேர் சேர்ந்து 'நாற்றங்கால் நிதியம்' என்று தொடங்கியிருப்பதைப் போன வருடமே சொன்னேன். செயலாளர் நான்தான். முதல் பள்ளியாக உங்கள் பள்ளியைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். இருபது கம்ப்யூட்டர், பேட்டரி, மேஜை நாற்காலி எல்லாம் நிதியத்தின் செலவு. பிள்ளை முதல் நாள் ஒரு சோதனை எழுதும். அதைப் பார்த்து இயந்திரமே அந்தப் பிள்ளையின் நிலையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தொடங்கும். புரிந்தவன் முன்னால் போகலாம், புரியாதவன் அதே கணக்கை நூறு தடவை போடலாம். யாரும் திட்டமாட்டார்கள். முப்பது பேருக்கு ஒரே பாடம் என்ற காலம் முடிந்துவிட்டது அக்கா.

தாளாளர் கிருபானந்தம் ஐயா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். வாணியம்பாடியைச் சேர்ந்த ரஃபி அகமது என்ற பையனைப் பொறுப்பாளராகப் போட்டிருக்கிறோம். இந்த வருடம் நன்றாக அமைந்தால் வாணியம்பாடியில் இதே முறையில் ஒரு புதுப் பள்ளியையே கட்டலாம். நிதியத்தின் அறிக்கைப் புத்தகம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி,
எலியாஸ்


ஆம்பூர்
24.6.2004

தம்பி எலியாஸுக்கு,

நாங்கள் சுகம். உன் மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிற இடத்திலேயே இருக்கிறது.

லாரி 18ஆம் தேதி பள்ளி வாசலில் வந்து நின்றது. உன் கடிதம் 19ஆம் தேதி வந்தது. தலைமை ஆசிரியையான எனக்கு விஷயம் தெரிந்த வரிசை இதுதான். அறிவியல் அறையைக் காலி செய்யச் சொல்லித் தாளாளர் உத்தரவு போட்டார். சாமான்கள் வராந்தாவில் கிடக்கின்றன.

அறிக்கைப் புத்தகத்தைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தில் நம் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிற படம். அந்தப் படம் என் அலமாரியில் இருந்தது. போன தடவை வந்தபோது எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். கீழே ஆங்கிலத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ரஃபியைப் படிக்கச் சொன்னேன். எனக்கும் புரிந்துவிட்டது, ஆனால் வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது. 'எழுத்தறியாத தோல் தொழிலாளியின் மகன்.'

அப்பா எட்டாவது படித்தவர். சாப்பாட்டு நேரத்தில் ஷாப்பு ஆட்களுக்குப் பேப்பர் வாசித்துக் காட்டியவர். உன் ஹால் டிக்கெட்டில் பெயர் தப்பாக இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தி வாங்க வேலூருக்கு பஸ் ஏறியவர் யார்? எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பிறந்தால் பணம் ஜாஸ்தி கிடைக்கும் என்று உனக்கு யார் சொன்னது?

ஜெனிஃபாவையும் குழந்தையையும் கேட்டதாகச் சொல்.

ஜெயபுஷ்பம்


எடிசன்
18.7.2004

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மாமா காலையில் நடக்கப் போகிறாரா?

அந்த வரி நான் எழுதியதல்ல. அச்சுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் செய்தது. அடுத்த பதிப்பில் எடுத்துவிடுகிறேன். ஒரு வரிக்காக இருபது கம்ப்யூட்டரை வேண்டாம் என்கிறீர்களா?

அதைவிட முக்கியமான விஷயம் இருக்கிறது. முதல் சோதனையின் பதிவுகள் வந்துவிட்டன. ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். அவர்களில் பதினான்கு பேர் இரண்டாம் வகுப்பு நிலையில் இருக்கிறார்கள். ஆறாவது அல்ல, ஐந்தாவதும் அல்ல, இரண்டாவது. உங்களுக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். இந்தப் பிள்ளைகளை ஒவ்வொரு வருடமும் பாஸ் போட்டு மேலே ஏற்றியது யார்?

மாதம் ஒருமுறை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு முன்னேற்ற அட்டை அச்சாகும். அதில் பிள்ளையின் நிலை பெரிய எழுத்தில் இருக்கும். அது பெற்றோர் கைக்குப் போக வேண்டும். ஒப்பந்தத்தில் உள்ள நிபந்தனை அது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எலியாஸ்


ஆம்பூர்
9.8.2004

எலியாஸுக்கு,

சுகம் விசாரித்திருந்தாய். சுகம்தான்.

அந்தச் சோதனை நடந்த அன்று அந்த அறையில் நான் இருந்தேன். பாதிப் பிள்ளைகள் மௌஸைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை கரண்ட் போனது. அந்த மதிப்பெண்ணை வைத்து என் சர்வீஸை எடை போடுகிறாய். போடு. ஒன்பதாயிரம் மைலுக்கு அப்பால் தராசு நன்றாகத்தான் தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் செய். அட்டையை வீட்டுக்கு அனுப்பாதே. உனக்கு ஊர் மறந்திருக்கும். ஷூ கம்பெனிகள் பாதத்தை மூடும் மேல்தோலைக் கட்டுக்கட்டாக வீட்டுக்கே அனுப்புகின்றன. பெண்கள் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுக்கிறார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. பதினொரு பன்னிரண்டு வயதில் விரல் நன்றாக வளையும். ஏழாம் வகுப்புப் பெண்பிள்ளையை நிறுத்துவதற்கு வீட்டில் ஒரு காரணத்துக்காகக் காத்திருக்கிறார்கள். நீ அதை அச்சடித்து அனுப்பப் பார்க்கிறாய்.

பிள்ளைகளின் நிலை எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல், ஆசிரியர்களுக்குச் சொல். வீட்டுக்கு வேண்டாம்.

ஷாஜினுக்குப் பள்ளி திறந்திருக்கும். நன்றாகப் படிக்கட்டும்.

ஜெயபுஷ்பம்


எடிசன்
30.8.2004

அக்காவுக்கு,

எல்லோரும் நலம். அங்கே மழை உண்டா?

நீங்கள் கேட்பதைச் செய்ய முடியாது. தன் பிள்ளைக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று தெரிந்துகொள்ளும் உரிமை தோல் ஷாப்பில் வேலை செய்கிறவனுக்கும் உண்டு. ஷாஜினுடைய பள்ளியில் எனக்கு எல்லாவற்றையும் அனுப்புகிறார்கள். ஆம்பூர்க்காரனுக்கு மட்டும் மறைக்க வேண்டுமா? இத்தனை வருடம் மறைத்ததன் பலன்தான் அந்தப் பதினான்கு பேர்.

மனதில் உள்ளதை எழுதிவிடுகிறேன். நீங்கள் பயப்படுவது பிள்ளைகளுக்காக இல்லை. ஊரில் உங்கள் பேர் கெட்டுவிடும் என்றுதான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் அட்டைகள் போகும். ரஃபியிடம் சொல்லிவிட்டேன்.

மாமாவுக்கு என் ஸ்தோத்திரம்.

எலியாஸ்


எடிசன்
22.11.2004

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. அக்டோபரில் போட்ட கடிதம் கிடைத்ததா? மாமா போனில் நீங்கள் சுகம் என்று மட்டும் சொன்னார். ஜெனிஃபா தினமும் கேட்கிறாள்.

கோபத்தை விடுங்கள் அக்கா. நல்ல செய்தி எழுதத்தான் உட்கார்ந்தேன். ரஃபி அனுப்பும் பதிவுகளைப் பார்த்து இங்கே எல்லோரும் அசந்துபோயிருக்கிறார்கள். அந்தப் பதினான்கு பேரும் எட்டு வாரத்தில் ஆறாம் வகுப்பு நிலையை எட்டிவிட்டார்கள். இரண்டு பேர் ஏழாம் வகுப்பு நிலையையே தொட்டுவிட்டார்கள். தேவகி என்ற பெண்தான் எல்லோரையும்விட வேகம். இருபத்தாறு வருடத்தில் நடக்காதது எட்டு வாரத்தில் நடந்திருக்கிறது. உங்களைக் குத்திக் காட்ட எழுதவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டிசம்பர் 11ஆம் தேதி நிதியத்தின் கூட்டம். இந்தக் கணக்கைக் காட்டி வாணியம்பாடிப் பள்ளிக்கு ஒப்புதல் கேட்கப் போகிறேன். தேவகியின் புகைப்படம் ஒன்று அனுப்புங்கள். சீருடையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தால் நல்லது.

கிறிஸ்துமஸுக்கு உங்களுக்குப் புடவை அனுப்பியிருக்கிறேன்.

எலியாஸ்


ஆம்பூர்
6.12.2004

எலியாஸுக்கு,

இருவரும் சுகம். மழை நின்று குளிர் தொடங்கியிருக்கிறது.

பிள்ளைகள் முன்னேறியதாக எழுதியிருந்தாய். படித்தேன்.

தேவகியின் படம் அனுப்ப இயலாது.

புடவை வந்தது. பள்ளியில் ஆயா வேலை செய்யும் அம்மாளுக்குக் கொடுத்தேன். அவளுக்கு அந்த நிறம் பொருத்தமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

ஜெயபுஷ்பம்


எடிசன்
17.1.2005

அக்காவுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை. மாமா நன்றாக இருக்கட்டும்.

கூட்டத்தில் கைதட்டினார்கள். வாணியம்பாடிக்கு ஒப்புதலும் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒருவர், அந்தப் பதினான்கு பேரும் எப்படிப் படித்தார்கள் என்று மணி வாரியாக எடுத்துக் கொடுங்கள், மற்றவர்களுக்கும் காட்டலாம் என்றார். எடுத்தேன்.

பதினான்கு பேரும் படித்தது மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றேகாலுக்கும் நடுவில், சாப்பாட்டு நேரத்தில். ஒருவர் முடித்த அடுத்த நிமிடம் இன்னொருவர் தொடங்குகிறார். ஒரே ஒரு கம்ப்யூட்டரில், ஜன்னலோரம் இருக்கிற ஏழாம் நம்பரில். பத்துக் கேள்விக்கு ஒன்று தப்பு. அந்தத் தப்பும் எல்லோருக்கும் பத்தாவது கேள்வியில்.

யாரோ ஒருவர் உட்கார்ந்து பதினான்கு பிள்ளைகளின் பெயரில் பதில் போட்டிருக்கிறார். முழுக்கச் சரியாகப் போட்டால் சந்தேகம் வரும் என்று எண்ணி எண்ணித் தப்பும் போட்டிருக்கிறார். கணக்கு தெரிந்தவர். திருடத் தெரியாதவர்.

யார் அது? உங்கள் பதில் எனக்கு எழுத்தில் வேண்டும்.

எலியாஸ்


ஆம்பூர்
4.2.2005

மதிப்புக்குரிய எலியாஸ் சாருக்கு,

ரஃபி அகமது எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் அருளால் நானும் என் தாயார் அக்தரி பேகமும் நலம். தங்கள் குடும்பத்தாரின் நலத்துக்கு துவா செய்கிறோம்.

தங்களுடைய கடிதத்தை ஹெச்.எம். மேடம் என்னிடம் கொடுத்து, "நான் எழுதினால் காரணம் சொல்வது போல இருக்கும், நீ பார்த்ததை எழுது" என்றார்கள். என் வேலை போனாலும் பரவாயில்லை என்று எழுதுகிறேன்.

பதில் போட்டது மேடம்தான். பாஸ்வேர்டுகளைக் கொடுத்தது நான்.

செப்டம்பர் 6ஆம் தேதி அட்டைகளைக் கொடுத்தோம். அந்த வாரமே மூன்று பெண்கள் நின்றுவிட்டார்கள். தேவகி, நசீமுன்னிசா, ஹெலன். மேடமும் நானும் வீடு வீடாகப் போனோம். தேவகியின் அப்பா காசி தோல் ஷாப்பில் வேலை செய்கிறவர், நல்ல மனிதர். அட்டையை சாமி படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"நீங்க சொன்னா கூட நான் கேட்டுக்க மாட்டேன் டீச்சர், அடுத்த வருஷம் பாக்கலாம்னு அனுப்பிக்கினே இருப்பேன். இப்ப கம்ப்யூட்டரே சொல்லிடுச்சே. ஏழாவது படிக்கிற பொண்ணு ரெண்டாவதுல கீதுன்னு. மனுசன் ஆளப் பாத்துச் சொல்வான், மிஷினு பொய் சொல்லுமா? படிப்பு ஏறலன்னா இன்னா பண்றது, தைக்கட்டும்."

மறுநாள் மதியம் மேடம் ஏழாம் நம்பரில் வந்து உட்கார்ந்து, "மிஷினை வேற மாதிரி சொல்ல வைக்க முடியுமா?" என்று கேட்டார்கள். முடியும் என்றேன். மூன்று பேர் மட்டும் ஏறினால் தெரிந்துவிடும் என்று பதினான்கு பேருக்கும் போட்டார்கள். அவர்களுக்கு மௌஸ் பிடிக்க வராது. சாப்பிடாமல் தினமும் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

அக்டோபர் கடைசியில் புது அட்டைகளை அவர்களே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். நசீமுன்னிசாவும் ஹெலனும் திரும்பி வந்தார்கள். தேவகி வரவில்லை. ஏன் வரவில்லை என்று மேடம் என்னிடம் சொல்லவில்லை.

தவறு இருந்தால் மன்னிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள,
ரஃபி அகமது


எடிசன்
21.2.2005

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்களும் மாமாவும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன்.

ரஃபியின் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அட்டை விஷயத்தில் நான் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கலாம். அதை விடுங்கள்.

இப்போது நிலைமை என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். வாணியம்பாடியில் நிலம் பேசி முடித்தாகிவிட்டது. முந்நூறு பிள்ளைகளுக்கான பள்ளி. அந்தப் பதினான்கு பேரின் கணக்கைப் பார்த்துத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள். அது பொய் என்று தெரிந்தால் வாணியம்பாடியும் இல்லை, ஆம்பூரும் இல்லை. செயலாளர் என்ற முறையில் என் பெயரும் இல்லை. மணி வாரியான பதிவை நான் யாருக்கும் காட்டவில்லை. கரண்ட் பிரச்சினையில் அழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன்.

இனி அந்த வேலையைச் செய்ய வேண்டாம். பிள்ளைகள் மெதுவாகவே படிக்கட்டும். வேகம் குறைந்ததற்கு நான் காரணம் சொல்லிக்கொள்கிறேன். நடந்தது உங்களுக்கும் எனக்கும் ரஃபிக்கும் மட்டும் தெரியும். அது அப்படியே இருக்கட்டும். நீங்களும் நல்லதுக்காகத்தானே செய்தீர்கள்?

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் தம்பி,
எலியாஸ்


ஆம்பூர்
30.3.2005

எலியாஸுக்கு,

சுகம். உன் சுகத்தைப் பற்றி எனக்கு இப்போது கவலை இல்லை.

உன் நிதியத்தின் உறுப்பினர்கள் எட்டுப் பேருக்கும் 7ஆம் தேதி பதிவுத் தபாலில் எழுதினேன். நான் செய்ததை நாள், மணி, கம்ப்யூட்டர் நம்பரோடு எழுதினேன். உன் 21ஆம் தேதிக் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நகல் எடுத்து இணைத்தேன். கிருபானந்தம் ஐயாவிடம் ராஜினாமாவைக் கொடுத்தேன். அவர் வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். இத்தனை வருடம் அந்தப் பூட்டு வேலை செய்து நான் பார்த்ததில்லை. வாணியம்பாடிப் பள்ளியை நிறுத்தி வைத்திருப்பதாக உன் ஆட்களிடமிருந்து பதில் வந்தது. உன்னைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். அது உனக்கே தெரியும். கம்ப்யூட்டர்களை நேற்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ரஃபிக்கு ராணிப்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. நசீமுன்னிசாவும் ஹெலனும் முழுப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். அதற்குப் பிறகு வீட்டில் என்ன செய்வார்கள் என்று தெரியாது.

நல்லதுக்காகத்தானே செய்தீர்கள் என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள் தேவகியின் பெயரில் உட்கார்ந்தபோது, அவள் முன்னால் போட்ட பதில்களை ரஃபி எடுத்துக் காட்டினான். வெறும் எண்களாக இருந்த கணக்கெல்லாம் சரி. கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாமே சரி. வாக்கியமாக எழுதிக் கேட்ட கணக்குகளில் ஒன்றுகூடச் சரியில்லை. இருபத்துமூன்று கேள்வி. இருபத்துமூன்றுக்கும் முதல் விடையையே அமுக்கியிருந்தாள்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது எலியாஸ். மூன்று வருடமாக என் தமிழ் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசித்த பெண். நல்ல குரல். பக்கத்தில் நசீமுன்னிசா மெதுவாகச் சொல்லிக்கொடுப்பதைக் காதில் வாங்கி, மனப்பாடம் செய்து, புத்தகத்தைப் பார்த்தபடியே ஒப்பித்திருக்கிறாள். அதிகாரி வந்தால் வாசிக்க நான் எழுப்புவதும் அவளைத்தான். உன் இயந்திரம் அவளை இரண்டாம் வகுப்பு என்று சொன்னது, என்ன குறை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதில்களைப் பார்த்த அடுத்த நிமிடம் எனக்கு விளங்கிவிட்டது. அது என் குறை.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். முக்கால் மணி நேரம் தினமும் எனக்கு இருந்தது. அந்த நேரத்தில் நான் அவள் பெயரில் பதில் போட்டேன். நீ ஆகஸ்டில் எழுதியது போலவே, ஊரில் என் பேர் கெட்டுவிடக் கூடாது என்று போட்டேன். பிள்ளைக்காக என்று ரஃபியிடம் சொன்னேன். அவன் நம்பினான்.

அக்டோபரில் புது அட்டையைக் கொண்டுபோனேன். காசி அதை வாங்கி மகளிடம் நீட்டினார்.

"இன்னா எழுதிக்குது, படிம்மா."

தேவகி வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்புறம் வகுப்பில் நிற்பது போலவே நேராக நின்று, "தேவகி நன்றாகப் படிக்கிறாள், ஏழாம் வகுப்பு நிலையை அடைந்துவிட்டாள்" என்று கணீரென்று சொன்னாள். வீட்டுக்குள் வரும்போது நான் சொன்ன வார்த்தைகள் அவை. காசிக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியா, நாளைலேந்து இஸ்கூலுக்குப் போ" என்றார். அவள், "நான் போவல. தைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அங்கே போனேன். காசி வீட்டில் இல்லை. அவள் வாசலில் பாய் போட்டு, முழங்காலுக்கு நடுவில் மேல்தோலைப் பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஆள்காட்டி விரலில் சைக்கிள் டியூபை வெட்டி மாட்டியிருந்தாள்.

"உனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் தேவகி. தெரிஞ்சிக்கினேதான் அந்த அட்டையைக் கொண்டாந்தேன். தப்பு என்னுது" என்றேன்.

ஊசியை நிறுத்தாமல் சொன்னாள்:

"அன்னிக்கே தெரியும் டீச்சர். அப்பா படின்னு சொன்னப்ப நீங்க தலையக் குனிஞ்சிக்கினீங்க. வகுப்புக்கு வந்தா நீங்க மறுபடி எழுப்பி படிக்கச் சொல்வீங்க, நானும் படிப்பேன். இப்ப உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்டி நின்னு படிக்கிறது? அதான் வரல."

கிளம்பி வர முடியவில்லை. வெயில் ஏறியதும் அவள் பாயைச் சுவரோரம் நிழலுக்கு இழுத்துப் போட்டாள். ஓரமாக நகர்ந்து உட்கார்ந்து, நான் உட்காரவும் இடம் விட்டாள். அவள் ஐந்து ஜோடி தைத்து முடிக்கும் வரை அங்கேயே இருந்தேன்.

உன் மாமா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார்.

ஜெயபுஷ்பம்